ஓடுபாதைக்கு அடியில் ஓடும் தண்ணீர்

மதிப்புக்குரிய விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்து பெருமை சேர்த்திருக்கும் ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரிகளே, கட்டுமானத் துறைப் பொறியாளர்களே, அழகு தமிழில் வரவேற்புரை நல்கிய செயலாளர் அவர்களே, கடைசி வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப்போர்க் கால விமானத் தளங்கள் பயணிகள் விமான நிலையங்களான வரலாறு இன்றைய தலைப்பு. நிலம், கான்கிரீட், கட்டடங்கள் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். இந்த நிலையங்கள் பலவற்றுக்குப் போர்க்காலத்தில்தான் சுவர் எழுந்தது.

பிரிட்டனில் குண்டுவீச்சு விமானங்களுக்கு ‘ஏ வகுப்பு’ தளம் என்று ஓர் அளவு வகுத்தார்கள். பிரதான ஓடுபாதை சுமார் 1,830 மீட்டர் நீளம், 46 மீட்டர் அகலம். துணை ஓடுபாதைகள் இரண்டு, தலா 1,280 மீட்டர். ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடும் இந்த மூன்றையும் சுற்றி 15 மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. மூன்று எதற்கு? அன்றைய விமானங்கள் பெரும்பாலும் வால்சக்கரம் உடையவை. பக்கக் காற்றில் தரையிறங்கினால் மூக்கு காற்றை நோக்கித் திரும்பி, விமானம் சுழன்றுவிடும். மூக்குச் சக்கரம் வந்த பிறகு ஒரே நீண்ட ஓடுபாதை போதும் என்றாயிற்று. அதை மட்டும் நீட்டினார்கள். மற்றவை விமானம் நிறுத்தும் இடமாயின, அல்லது பெயர்த்தெடுத்த ஜல்லியாகப் போயின. கேஸில் டோனிங்டன் 1943-இல் தொடங்கிய தளம். 1965-இல் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையம் ஆனது. லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் பறந்த கிர்மிங்டன் 1974-இல் ஹம்பர்சைடு ஆனது.

பசிபிக்கில் நடந்ததை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குவாடல்கனால் தீவு, 1942. ஜப்பானியர் தொடங்கிய ஓடுபாதையை ஆகஸ்டில் அமெரிக்க மரைன் படையினர் கைப்பற்றி, அங்கே சிக்கிய ஜப்பானியச் சாலை உருளைகளையும் லாரிகளையும் கொண்டே முடித்தார்கள். ஆகஸ்ட் 20-இல் முதல் போர்விமானங்கள் இறங்கின. செப்டம்பரில் கடற்படைக் கட்டுமானப் படையான சீபீக்கள் வந்தார்கள். துளையிட்ட எஃகுத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து விரித்தார்கள். ஒரு தகடு 3 மீட்டர் நீளம், 38 சென்டிமீட்டர் அகலம், 30 கிலோ எடை. எதிரி விடுவானா? அக்டோபர் 13, 14 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 53 குண்டுகள் ஓடுபாதையில் விழுந்தன! ஆனால் சீபீக்கள் முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். 500 பவுண்டு குண்டு எவ்வளவு தகட்டுப் பரப்பைப் பிய்க்கும்? 1,600 சதுர அடி. அதே அளவைக் கட்டுக்கட்டாக ஓடுபாதை ஓரமாக அடுக்கினார்கள். ஒரு பள்ளத்துக்கு வேண்டிய மணலையும் சரளையையும் அளந்து, முன்கூட்டியே லாரிகளில் ஏற்றி நிறுத்தினார்கள். நூறு பேர் சேர்ந்தால் நாற்பதே நிமிடத்தில் பள்ளம் மூடி, தகடும் பொருத்திவிடலாம். ஹெண்டர்சன் தளம் என்று பெயர் பெற்ற அந்த இடம்தான் இன்று சாலமன் தீவுகளின் தலைநகரான ஹோனியாராவின் விமான நிலையம். மேலே கிடந்த தகட்டை அல்ல, கீழே இறுகிய மண்ணைத்தான் நான் சுவர் என்கிறேன். சுவர் இருந்தால்தான் சித்திரம்!

கான்கிரீட்டுக்கு வருவோம். பிரிட்டிஷ் தளங்களில் அது பல இடங்களில் 15 சென்டிமீட்டர் கனம்தான். குண்டுவீச்சில் இடிந்த லண்டன் வீடுகளின் செங்கல்லும் சில தளங்களுக்கு அடித்தளமாயிற்று. கான்கிரீட் பாளங்களுக்கு நடுவே உள்ள இணைப்பின் அடைப்பு காய்ந்து வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கும். சக்கரம் ஏறும்போது பாளம் அழுந்தி, அந்தத் தண்ணீர் நுண்மண்ணோடு வெளியே பீச்சும். அடியில் வெற்றிடம், மேலே பாளம் ஆட்டம், பிறகு மூலை உடையும். மழைக்குப் பின் இணைப்பு ஓரம் சேற்றுக்கறை தெரிந்தால் இதுதான் நடக்கிறது என்று பொருள். அதன்மேல் தார்க்கலவை போட்டு மூடினால், அடியிலுள்ள இணைப்பின் கோடு அப்படியே விரிசலாக மேலே வரும்.

இத்தனை சேதத்துக்கும் மூலம் வடிகால் கோளாறு. பல தளங்களில் இருப்பவை தொடுத்து அடைக்காத சுட்ட மண் குழாய்கள். இடுக்குகள் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வர வேண்டும். அதே இடுக்குகளில் வண்டலும் வேரும் நுழைகின்றன. பின்னாளில் ஓடுபாதை விளக்குக்குக் கேபிள் புதைத்தவர்கள் சில குழாய்களை அறியாமலே வெட்டியிருப்பார்கள். வரைபடம் இல்லையென்றால் எங்கே வெட்டுப்பட்டது என்று யார் சொல்வது?

கட்டடங்களை இன்று விட்டுவிடுகிறேன். பழைய கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்காகப் பேச அன்பர்கள் பலர் உண்டு. மண்ணுக்குள் கிடக்கும் குழாய்க்காகப் பேச ஆளில்லை!

பெரியோர்களே, கேட்பது இதுதான். ஓடுபாதைக்கு மேற்பூச்சு ஒப்பந்தம் போடுமுன், எல்லா மேன்ஹோல்களையும் திறவுங்கள். மேலே சாயநீர் ஊற்றி, கீழே எந்தக் குழாயின் வாய் வழியாக வருகிறது என்று பாருங்கள். வராத குழாயில் கேமரா விடுங்கள். கான்கிரீட்டில் துளையிட்டு உருளை வடிவ மாதிரி எடுத்துக் கனத்தை அளந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் ஏற்றி, ஒப்பந்தத்தோடு இணையுங்கள். புதிய முனையத்துக்குப் பளிங்கு தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். இதைக் கோரும் மனு வாயிலருகே மேசையில் இருக்கிறது. போகும்போது கையெழுத்திட்டுச் செல்லுங்கள். வணக்கம்.