கேஸ் என்று ஒரு வார்த்தை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

"கேஸ் ட்ரபுள், டாக்டர்." என் அறைக்குள் வருகிறவர்களில் பலர் நாற்காலியில் உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். நான் மாத்திரைச் சீட்டை எடுப்பதில்லை. "எங்கே பண்ணுது, கையை வைத்துக் காட்டுங்க" என்பேன். ஒருவர் மேல் வயிற்றில் ஒற்றை விரலால் அழுத்துவார். இன்னொருவர் விரலை நடு நெஞ்சிலிருந்து தொண்டை வரை இழுப்பார். வேறொருவர் வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்வார். சொன்னது ஒரே வார்த்தை, கை போன இடம்தான் வேறு வேறு.

விரலைத் தொண்டை வரை இழுப்பவருக்கு அநேகமாக எதுக்களிப்பு. இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுகிறது. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டுப் பத்தரைக்குப் படுத்தால் ஏறத்தான் செய்யும். வலது விலாவைப் பிடிப்பவருக்குப் பித்தப்பையில் கல் இருக்கலாம். அந்த வலி சாப்பிட்ட பிறகு வந்து, அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை நின்று, முதுகுக்கோ வலது தோளுக்கோ போகும். அதற்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும்.

உள்ளங்கையை நடு நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு வியர்த்துப்போய் வருகிறவரிடம் நான் அதிகம் பேச மாட்டேன். முதலில் ஈசிஜி. மாரடைப்பும் கேஸ் மாதிரியே வரும். சர்க்கரை நோயாளிகளிடமும் வயதானவர்களிடமும் அது இன்னும் ஏமாற்றும். சோடா குடித்து ஒரு ஏப்பம் வந்துவிட்டால் இதயத்தில் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.

சரி, மேல் வயிற்றுக்கு வருவோம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. இரண்டு கவளம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுகிறது, மேல் வயிற்றில் எரிச்சல். "மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்றேன். "ஒண்ணுமில்லைங்க." "மூட்டு வலிக்கு?" "அதுவா! அது மெடிக்கல்ல வாங்குறதுதானே. தினம் ஒண்ணு." மஞ்சள் பையிலிருந்து அட்டையை எடுத்தார். டைக்ளோஃபெனாக். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மருந்து, கடையில் கேட்டு வாங்கினால் மருந்தில்லை என்பது நம் ஊர்க் கணக்கு. இந்த வகை வலி மாத்திரைகளும் ஆஸ்பிரினும் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் வழவழப்பான பூச்சைக் குறைத்துவிடும், புண் வரும். சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மினும் சிலருக்கு வயிற்றைப் புரட்டும். அதனால்தான் மாத்திரைப் பையை அப்படியே கொண்டு வரச் சொல்கிறேன்.

இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இருவர், இரைப்பையில் வாழும் சுருள் வடிவக் கிருமி ஒன்றை வளர்க்கப் பார்த்தார்கள். வளரவில்லை. இரண்டு நாளில் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுவது வழக்கம். 1982-ல் ஈஸ்டர் விடுமுறை குறுக்கே வந்ததால் தட்டுகள் கூடுதல் நாள் அப்படியே கிடந்தன, கிருமி வளர்ந்திருந்தது. பலர் நம்பாததால் 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. அந்தக் கிருமிதான் ஹெலிகோபாக்டர் பைலோரி.

அதைக் கண்டுபிடிக்க மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவை விழுங்க வேண்டும். கிருமி இருந்தால் யூரியாவை உடைக்கும், அந்தக் கார்பன் மூச்சில் வெளியே வரும். மலப் பரிசோதனையிலும் தெரியும். ஆனால் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தவில்லை என்றால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

குழாய் விட்டு இரைப்பைக்குள் பார்க்கும் எண்டோஸ்கோபி எல்லோருக்கும் தேவையில்லை. எடை காரணமில்லாமல் குறைந்தால், விழுங்கும்போது அடைத்தால், ரத்தசோகை இருந்தால், வாந்தி நிற்காவிட்டால், 60 வயதையொட்டி முதல்முறையாகத் தொல்லை தொடங்கினால் தள்ளிப்போடக் கூடாது. ரத்த வாந்தியோ, தார் போலக் கறுத்த மலமோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பலருக்கு எண்டோஸ்கோபியில் எதுவும் தெரியாது. "ரிப்போர்ட் நார்மல்" என்றால் முகம் வாடிவிடும், தாங்கள் பொய் சொன்னதாக டாக்டர் நினைத்துவிட்டாரோ என்று. அப்படியில்லை. சாப்பாடு உள்ளே போகும்போது இரைப்பை தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். சிலருக்கு அது சரியாக நடக்காது, சிலருக்கு அங்குள்ள நரம்புகள் சின்ன உப்பலையும் வலியாகச் சொல்லும். வேறு காரணங்களை விலக்கிய பிறகு இதைச் செயல்பாட்டு அஜீரணம் என்கிறோம். வலி உண்மையானதுதான்.

அந்த அம்மாவுக்கு ரத்தமும் குறைவாக இருந்ததால் எண்டோஸ்கோபி செய்தோம். தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடித்து, மெல்லிய குழாயை உள்ளே விட்டால் சில நிமிட வேலை. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு புண்கள். சுவரிலிருந்து துளியூண்டு சதையைக் கிள்ளி மஞ்சள் ஜெல்லில் போட்டோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து ரோஸ் நிறம் பரவியது, கிருமி இருக்கிறது என்று அர்த்தம். மாத்திரையும் கிருமியும் சேர்ந்து செய்த வேலை. 14 நாள் மருந்து, அது முடிந்து நாலு வாரத்துக்கு மேல் இடைவெளி விட்டு மறுபரிசோதனை என்று விளக்கினேன். வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னதும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்போ என் மூட்டு வலிக்கு என்ன பண்றது டாக்டர்?"

நியாயமான கேள்வி. இப்போதைக்குப் பாராசிட்டமால், தொடைத் தசைக்கு உடற்பயிற்சி என்று சொல்லி அனுப்பினேன். முழுப் பதிலுக்கு நிலையத்தார் இன்னொரு நாள் எலும்பு டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும். வணக்கம்.