எந்த வருஷம் வீடு மாறினீங்க?

[திரையில் ஒரு கேள்வித்தாள். பேனா ஒரு வெற்றுக் கட்டத்தின் மேல் நிற்கிறது.]

"கடந்த 5 வருஷத்துல எத்தனை தடவை வீடு மாறினீங்க?"

கேட்பவர் சர்வே எடுக்க வந்தவர். பதில் சொல்லும் அம்மா கொஞ்சம் யோசித்து, "ஒரே தடவைதான்" என்கிறார்.

உண்மையில் இரண்டு தடவை. பழைய வீட்டைக் காலி செய்த பிறகு, புது வீடு தயாராகும்வரை ஒரு சின்ன வாடகை வீட்டில் நாலு மாதம் இருந்தார்கள். கட்டிய பெட்டிகளில் பாதியைப் பிரிக்கவே இல்லை. அவர் மனதில் அது 'வீடு' என்றே பதியவில்லை. அவர் பொய் சொல்லவில்லை.

[திரையில் காலக்கோடு. ஒரு புள்ளி மெல்ல வலப்பக்கம் நகர்கிறது.]

விட்டுப்போவது ஒரு பக்கம் என்றால், நாள் நகர்ந்துபோவது இன்னொரு பக்கம். 6 வருஷத்துக்கு முன்னால் மாறியதை "ஒரு நாலு வருஷம் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். தொலைநோக்கியில் தூரத்து மரம் பக்கத்தில் தெரிகிற மாதிரி. ஆய்வாளர்கள் இதை 'டெலஸ்கோப்பிங்' என்கிறார்கள். இதனால் கணக்கில் சேரக்கூடாத ஒரு மாற்றம் உள்ளே வந்துவிடுகிறது. நெட்டர், வாக்ஸ்பெர்க் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் வீட்டு மராமத்துச் செலவு பற்றிய ஓர் அமெரிக்க சர்வேயை வைத்து 1964-லேயே இதை அளந்து காட்டினார்கள்.

சரி, ஒருவர் சொன்ன தேதி தப்பு என்று எப்படித் தெரியும்? பெல்ஜியத்தில் வீடு மாறினால் மக்கள் பதிவேட்டில் பதிய வேண்டும். அங்கே கணவனிடமும் மனைவியிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள், பிறகு இருவரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டார்கள். எல்லாவற்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். நாடியா ஓரியா என்ற ஆய்வாளர் 1993-ல் எழுதிய கட்டுரைப்படி, தேதிகளில் கணவர்களைவிட மனைவிகளே துல்லியம்.

அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. தேதி பிசகினாலும், எதற்குப் பின் எது நடந்தது என்கிற வரிசை பெரும்பாலும் பிசகுவதில்லை. நினைவு காலண்டரைப் பார்த்து எழுதப்படுவதில்லை. கல்யாணம், பிரசவம், வேலை மாற்றம் இவற்றோடு கோத்துத்தான் அது தங்குகிறது. அப்படியானால் கேள்வியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், வெறும் "எந்த மாதம்?" என்று கேட்டுவிட்டு மறதியைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

பிள்ளைகள், வேலை, வீடு என்று வாழ்க்கை நிகழ்வுகளை ஒரே தாளில் கட்டம் கட்டமாகக் குறித்து, ஒன்றை வைத்து இன்னொன்றின் தேதியைக் கேட்கும் 'வாழ்க்கை நிகழ்வு நாட்காட்டி' அப்படி வந்ததுதான். 1968 முதல் அமெரிக்கக் குடும்பங்களைத் தொடர்ந்து வரும் பி.எஸ்.ஐ.டி. ஆய்வும் 2003-ல் இந்த முறைக்கு மாறியது.

[கட்டங்கள் போட்ட தாள். மேல் வரிசையில் பிள்ளைகள், அடுத்தது வேலை, கீழே வீடு.]

"இந்த வீட்டுக்கு வர்றப்போ பொண்ணு நடந்தாளா?"

"இல்லைங்க. வாசப்படியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. மறுவாரம்தான் நடந்தா."

"அப்போ ஜூலை. பழைய வீட்டைக் காலி பண்ணினது?"

"அவருக்கு வேலை மாறின மாசம். மார்ச்."

பேனா நடுவில் இருக்கும் காலிக் கட்டங்களைத் தொடுகிறது.

"நடுவுல எங்க இருந்தீங்க?"

"அட, ஆமா! ஒரு சின்ன வீடு இருந்துச்சே…"