ஃபோசா என்கிற சின்ன ஊர் அணி

வணக்கம் நேயர்களே. கையாலும் காலாலும் ஆடுகிற அயர்லாந்தின் கேலிக் கால்பந்து என்றாலே டப்ளின் குரோக் பார்க்கைத்தான் காட்டுவார்கள். 82,000 பேருக்கு மேல் கொள்ளும் மைதானம். எனக்கு மனசு ஒட்டிக்கொண்டதோ கெர்ரி கவுண்டியின், அதாவது கெர்ரி மாவட்டத்தின், ஜூனியர் கிளப் போட்டியில்.

ஜூனியர் என்றதும் சிறுவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று கிளப்புகளைத் தரம் பிரித்திருக்கிறார்கள். சின்ன ஊர்க் கிளப்புகள் பெரும்பாலும் கீழ்ப்படியில் இருக்கும். ஆடுபவர்கள் வேலைக்குப் போகும் பெரியவர்கள். சம்பளம் யாருக்கும் கிடையாது. வளர்ந்த ஊர் எதுவோ, பெரும்பாலும் அதுதான் கடைசிவரை கிளப்.

சரி, ஃபோசா கதைக்கு வருகிறேன். கில்லார்னிக்கு மேற்கே ஏரியை ஒட்டிய ஊர். 2022 ஜூலையில், கிளப்புகளிலிருந்து சிறந்தவர்களைத் திரட்டிய கெர்ரி கவுண்டி அணி, கவுண்டிகள் மோதும் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் டேவிட் கிளிஃபர்ட். நாடே கொண்டாடியவர் அடுத்து எங்கே ஆடினார் தெரியுமா? ஃபோசாவின் ஜூனியர் அணியில், தன் அண்ணனோடு! திரும்பவும் சொல்கிறேன்: நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர், ஜூனியர் போட்டியில். எதிரே அவரைத் தடுக்க நிற்பவர், பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பயிற்சிக்கு வருகிற பக்கத்து ஊர்க்காரர். எனக்கு இந்த ஆட்டத்தில் ஆகப் பிடித்தது இதுதான்.

பெரிய ஆட்டம் ஆடவேண்டுமென்றால் ஊரை விடவேண்டாமா என்று கேட்பீர்கள். கெர்ரியில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். சின்னக் கிளப்புகள் சேர்ந்து வட்டார அணியாகச் சீனியர் கோப்பைக்கு ஆடலாம். அப்போது கிளிஃபர்ட் கிழக்கு கெர்ரி வட்டார அணிக்காக ஆடினார், ஜூனியருக்கு ஃபோசாவுக்கே திரும்பினார்.

ஃபோசா கெர்ரியில் வென்றது, மன்ஸ்டர் மாகாணத்தில் வென்றது, 2023 ஜனவரியில் அதே குரோக் பார்க்கில் அகில அயர்லாந்து ஜூனியர் கிளப் இறுதிப் போட்டி. எதிரணி டைரோன் கவுண்டியின் ஸ்டூவர்ட்ஸ்டவுன் ஹார்ப்ஸ். இங்கே கணக்கைக் கவனியுங்கள். அப்போதைய விதிப்படி பந்து வலைக்குள் போனால் கோல், மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி. கோலுக்குப் பச்சைக் கொடி, புள்ளிக்கு வெள்ளைக் கொடி. ஆட்டுபவர் வெள்ளை அங்கி போட்டு கம்பத்தடியில் நிற்பார். ஸ்டூவர்ட்ஸ்டவுன் ஒரு கோலும் 13 புள்ளியும், மொத்தம் 16. ஃபோசா கோலே போடவில்லை, வெறும் 19 வெள்ளைக் கொடி. மூன்று புள்ளியில் கோப்பை ஃபோசாவுக்கு!

மணி பார்க்கச் சொல்லிச் சைகை காட்டுகிறார்கள். பெண்கள் ஆட்டத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். 1974 முதல் அவர்களுக்குத் தனிச் சங்கம் இருக்கிறது, ஜூனியர் கிளப் போட்டிகளும் உண்டு. அப்புறம், கவுண்டியில் ஜூனியர் கோப்பையை வென்ற ஃபோசா இன்டர்மீடியட்டுக்கு ஏறிவிட்டது. நன்றி, வணக்கம்.