நிலா வெளிச்சமும் எலியின் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்ங்க. கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான், இப்போது காங்கேயம் பக்கத்தில் மூன்று ஏக்கர் மேட்டுக்காட்டில் கடலைக்காய் போட்டுவிட்டு வெள்ளெலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ராத்திரியில் வெள்ளாமையைத் தின்னும் பிராணிகளுக்கும் நிலாவுக்கும் என்ன சம்பந்தம் என்று பேசச் சொன்னார்கள்.

எங்கள் அப்பாரு எலிப்பொறி வைப்பதென்றால் அமாவாசையை ஒட்டித்தான் வைப்பார். "நெலாவுல எலி வெளிய தலைய நீட்டாது சாமி" என்பார். அவர் சொன்னதில் பாதி சரி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பௌர்ணமி நிலா நம் கண்ணுக்குப் பெரிய வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் பார்த்தால் கால் லக்ஸ் தேறும், அவ்வளவுதான். ஆனால் வெறும் நட்சத்திர வெளிச்சத்தோடு ஒப்பிட்டால் அது நூறு மடங்குக்கும் மேல், எலிக்குப் பயம் அங்கேதான் வருகிறது. கூகை என்கிற ஆந்தை கும்மிருட்டிலும் சத்தத்தை வைத்தே எலியைத் தூக்கிவிடும், கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் அதற்கு இன்னும் சுலபம்.

இஸ்ரேலில் நெகேவ் பாலைவனத்தில் இதைப் பரிசோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள். பெரிய வலைக்கூண்டு கட்டி, நம் வெள்ளெலிக்கு ஒன்றுவிட்ட சொந்தமான பாலைவன எலிகளை உள்ளே விட்டு, கூகையையும் பறக்கவிட்டு, நிலா மாதிரி விளக்கும் போட்டார்கள். மணலில் தானியத்தைக் கலந்து தட்டுத் தட்டாக வைத்தார்கள். முதலில் தானியம் சுலபமாகக் கிடைக்கும், போகப்போகக் கிளறக் கிளற ஒன்றிரண்டுதான் வரும், அப்போது எலி ஒரு கணக்குப் போடுகிறது, இந்த ஒரு தானிய மணிக்காக இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கலாமா, ஓடிவிடலாமா என்று. பயம் கூடக்கூட சீக்கிரமே விட்டுவிட்டுப் போகிறது. விடிந்ததும் தட்டில் மீந்த தானியத்தை எண்ணினால் எலியின் பயத்தை எண்ணியதாக ஆகிவிடுகிறது. என்ன அழகான யோசனை பாருங்கள், பைசா செலவில்லை.

நானும் செய்து பார்த்தேன். காய் பிடுங்கி முடித்த மாசி மாதம், பௌர்ணமியை ஒட்டி, இரண்டு பழைய தாம்பாளத்தில் ஆற்று மணலைக் கொட்டி முப்பது முப்பது நிலக்கடலைப் பருப்பைக் கலந்து, ஒன்றைக் கிளுவை வேலி நிழலிலும் இன்னொன்றை நடுக்காட்டிலும் வைத்தேன். விடிந்து போய்ப் பார்த்தால் வேலியடித் தட்டில் சிவப்புத் தோலும் வால் இழுத்த கோடும்தான் இருந்தன, நடுக்காட்டுத் தட்டில் பாதிக்கு மேல் பருப்பு அப்படியே கிடந்தது. அமாவாசையன்று வைத்தபோது இரண்டுமே காலி. எத்தனை தரம் வைத்தாலும் இதே மாதிரி வரும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், ஒரு சாரைப்பாம்பு குறுக்கே போனாலே எல்லாம் மாறிவிடும்.

ஆக, நிலாக்காலத்தில் எலி விரதம் இருப்பதில்லை. நிழல் இருக்கும் இடத்துக்குத் தள்ளிப்போய்த் தின்கிறது. வரப்போரம் கோரையும் முள்ளும் மண்டிக் கிடந்தால் அதற்குப் பந்தல் போட்டுக் கொடுத்த மாதிரி. கடலைச் செடி படர்ந்து மண்ணை மூடிவிட்டால் காடு முழுக்கவே பந்தல்தான், அப்புறம் பௌர்ணமி என்ன, அமாவாசை என்ன.

இன்னொன்று, நிலா ராத்திரி முழுக்க இருக்காது. பௌர்ணமிக்குப் பிறகு தினமும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தாமதமாக எழும்பும், தேய்பிறைப் பஞ்சமியன்று பத்து மணி வரைக்கும் இருட்டுதான். வளர்பிறை அஷ்டமியில் நடுராத்திரிக்கு மேல் இருட்டு. அதுவும் பாதி நிலா என்றால் பாதி வெளிச்சம் இல்லைங்க, பௌர்ணமியில் பத்தில் ஒரு பங்கு.

எலி மருந்து வைப்பவர்களுக்கு இது உதவும். சிங்க் பாஸ்பைடு என்கிற எலி விஷத்தை அரைகுறையாகத் தின்று பிழைத்த எலி மறுபடி அந்தப் பக்கமே வராது, அதனால் இரண்டு மூன்று நாள் வெறும் பொரியில் எண்ணெய் பிசறி வைத்துப் பழக்கிவிட்டுத்தான் மருந்து கலக்க வேண்டும். அந்த மருந்து ராத்திரி இருட்டு ராத்திரியாக அமையும்படி முன்கூட்டியே நாள் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் சாயங்காலம் எல்லா வளையையும் மண் போட்டு மூடிவிட்டு, காலையில் எது திறந்திருக்கிறதோ அதற்குள் மட்டும் வையுங்கள், வெளியே இறைத்தால் கோழியும் மயிலும்தான் சாகும். என்னைக் கேட்டால், மருந்துக்கு முன்னால் மண்வெட்டியை எடுத்து வரப்பைச் செதுக்கச் சொல்வேன்.

எல்லாப் பிராணிக்கும் இது ஒரே மாதிரி இல்லை. 59 வகைப் பாலூட்டிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தத்தில் நிலவொளி நடமாட்டத்தைக் குறைக்கிறது, ஆனால் கண்ணை நம்பி வாழும் இரவுக் குரங்கினங்கள் நிலாவில் கூடுதலாகவே சுற்றுகின்றன என்று அதில் இருக்கிறது. காட்டுப்பன்றி மூக்கை நம்பி வருவது. அடிவாரத்தில் மக்காச்சோளம் போட்டவர்கள் பௌர்ணமிதானே என்று காவலை விட்டுவிட்டுத் தூங்க வேண்டாம்.

காட்டு நடுவே கூகை உட்காரட்டும் என்று டி வடிவத்தில் நாலு குச்சி நட்டேன். கூகை கத்தினால் வீட்டுக்கு ஆகாது என்று என் வீட்டுக்காரம்மா ஒரு மாதம் பேசவே இல்லை. இப்போது கூகை வருகிறது. குச்சிக்கடியில் அது கக்கிப்போட்ட உருண்டையைப் பிரித்துப் பார்த்தால் எலி மயிரும் மண்டையோடும் இருக்கிறது, கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்துவிட்டு, சரி என்றார். ஜன்னலை மட்டும் இன்னும் சாத்திக்கொண்டுதான் படுக்கிறார்.