பேரேட்டில் நிற்கும் பாக்கி

நேயர்களுக்கு வணக்கம். பெர்னி கிராண்ட் என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். தென்னமெரிக்காவின் வடகரையில் இருக்கும் கயானாவில், ஜார்ஜ்டவுன் நகரில் 1944-இல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் லண்டன் போனார். தொழிற்சங்கத்தில் வளர்ந்து, 1987-இல் டாட்டன்ஹாம் தொகுதியின் எம்.பி. ஆனார். கோட்டும் டையும் நிறைந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தொடக்க விழாவுக்கு, தோளிலிருந்து கால் வரை விரியும் ஆப்பிரிக்க அங்கியில் போய் நின்றவர் அவர். 2000 ஏப்ரல் 8-ஆம் தேதி, 56 வயதில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

1993-இல் அவர் ஓர் இயக்கம் தொடங்கினார். ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்று, வேலை வாங்கியதற்கு இழப்பீடு வேண்டும் என்பது அதன் கோரிக்கை. "அதெல்லாம் பழைய கதை, எவ்வளவு, யாருக்கு என்று யார் கணக்குப் போடுவது?" என்று இன்றும் கேட்கிறார்கள்.

கணக்கு எப்போதோ போட்டாகிவிட்டது, நேயர்களே. அடிமைமுறையை ஒழிக்க 1833-இல் சட்டம் வந்தபோது பிரிட்டன் 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அரசின் ஓராண்டுச் செலவில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு அது. அந்தப் பணத்தைப் பெற்றவர்கள் அடிமைகளை வைத்திருந்த எஜமானர்கள். விடுதலையானவர்களோ, 'பயிற்சி' என்ற பெயரில் 1838 வரை அதே எஜமானிடம் கூலியில்லாமல் உழைக்க வேண்டியிருந்தது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் இந்தப் பதிவுகளைத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. சில இரவுகள் நான் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறேன். எஜமானின் பெயர் இருக்கும். தொகை ஷில்லிங், பென்ஸ் வரை சுத்தமாக இருக்கும். அடிமைகளுக்கு எண்ணிக்கை மட்டும்தான். அதற்கு மேல் என்னால் படிக்க முடியாமல் போன இரவும் உண்டு.

இந்தப் பணத்துக்காக வாங்கிய கடன் 2015-இல்தான் அடைந்தது என்று பிரிட்டன் நிதியமைச்சகமே சொன்னது. அப்படியென்றால் பெர்னி கிராண்ட் வாழ்நாளெல்லாம் கட்டிய வரியிலும் ஒரு துளி, தன் முன்னோரை வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த பணத்துக்காகப் போயிருக்கிறது. இதைவிட வேறு என்ன வாதம் வேண்டும்?

அந்தப் பதிவில் ஜான் கிளாட்ஸ்டன் என்ற பெயரும் உண்டு. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பா. கயானாவிலும் ஜமைக்காவிலும் இருந்த தோட்டங்களுக்காக அவர் வாங்கியது ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல். அப்புறம் அடிமைகளுக்குப் பதிலாக இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை இறக்க வழிசெய்தவரும் அவரே. முதல் கப்பல்கள் 1838-இல் கல்கத்தாவிலிருந்து போயின. சில ஆண்டுகளில் சென்னையிலிருந்தும் நம் ஆட்கள் ஏறினார்கள். கயானாவில் இன்றும் மாரியம்மன் கோயில்கள் இருப்பது அப்படித்தான்.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் வம்சத்தார் ஜார்ஜ்டவுனுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். பெர்னி பிறந்த ஊர். அவர் மறைந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. கயானா பல்கலைக்கழக ஆய்வுக்கு நிதி தருவதாகவும் சொன்னார்கள். தொகை, ஒரு லட்சம் பவுண்டு.