40 வயசில முழங்கால் நோ: ஓட்டத்தை விட்டால் மட்டும் மாறாது

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு முழங்கால் நோ. அம்மம்மாவின்ர மூட்டுத் தேய்வு இல்லை. 35, 40 தாண்டி, சுகர் கூடிப்போச்சு, வண்டி வைச்சிட்டுது எண்டு திடீரெண்டு இரணைமடுக் குளக்கட்டில ஓடத் தொடங்கி, மூண்டாம் கிழமை படி இறங்கேலாமல் நிக்கிறாக்களின்ர நோ.

முதல் விரலை வைச்சுப் பாருங்கோ, எங்க நோகுதெண்டு. முழங்கால் சிரட்டையைச் சுத்தி, இல்லாட்டி அதுக்குப் பின்னால. படி இறங்கேக்க, குந்தேக்க, பஸ்ஸில கனநேரம் இருந்திட்டு எழும்பேக்க நோகுதெண்டால், அது சிரட்டை தொடையெலும்பில அமத்துற இடத்துச் சிக்கல். இதுதான் கனபேருக்கு. சிரட்டைக்குக் கீழ விரல்நுனி அளவு இடத்தில மட்டும், வொலிபோலுக்கு எம்பேக்க குத்தினால் அது தசைநாண், தசையை எலும்போட பிடிச்சு வைச்சிருக்கிற கயிறு. வெளிப்பக்கமா, கொஞ்சத் தூரம் ஓடினாப்பிறகு எரிஞ்சு வந்தால், இடுப்பிலயிருந்து தொடை வழிய இறங்கிற பட்டி.

வீட்டில வைச்சுப் பார்க்கக் கூடாதது வேற. திருகி விழுந்த உடன வீக்கம், பூட்டுப்பட்ட மாதிரி நீட்டேலாமல் நிக்கிறது, நாலு அடி வைக்கேலாது, முழங்கால் சிவந்து சுடுறதோட காய்ச்சல், கெண்டைக்கால் வீங்கி நோகிறது. இதுகளுக்கு நோவெண்ணெய் போட்டு உருவிக்கொண்டு இருக்காதேங்கோ. அண்டைக்கே ஆஸ்பத்திரி.

சரி, ஏன் வருது? ஓடினதால இல்லை, சுமையைக் கெதியாக் கூட்டினதால. மூச்சு ரெண்டு மூண்டு கிழமையில பழகிடும். தசைநாணுக்கும் மூட்டுக்கும் மாசக்கணக்கு வேணும். அதால மூச்சு "இன்னும் ஓடு" எண்டும், முழங்கால் வேண்டாம் எண்டும். பிறகு ஒரு மாசம் படுத்து ஓய்வு எடுத்தால் நோ போகும், அதோட தொடைத் தசையும் வத்தும். திரும்ப அதே 5 கிலோமீற்றர் ஓடினால் அதே நோதான்.

அதால அசைவை முழுக்க நிப்பாட்டாதேங்கோ, சுமையைக் குறையுங்கோ. நோவுக்கு 10க்கு எத்தினை எண்டு புள்ளி போடுங்கோ. செய்யேக்க 3க்குள்ள இருந்து, அடுத்த நாள் காலமை பழைய நிலைக்கு வந்திட்டால் அந்த அளவு சரி. காலமையும் கூடத்தான் இருக்கெண்டால் நேற்றுச் செய்தது கூடிப்போச்சு. பின்னேரம் வாற நோவை விட, காலமை வாற நோதான் உண்மை சொல்லும்.

இப்ப பயிற்சி. கிழமைக்கு 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். கதிரையைச் சுவரோட ஒட்டி வையுங்கோ, வழுக்கப்படாது. கை ஊண்டாமல் எழும்பி, 3 எண்ணி மெல்ல இருங்கோ. 10 தரம், 3 சுத்து. பொத்தெண்டு விழுந்தால் பிரயோசனமில்லை, அந்த மெதுவா இறங்கிறதிலதான் தொடை வேலை செய்யிது. இப்ப என்ர முழங்காலைப் பாருங்கோ, உள்ளுக்கு மடியாமல் ரெண்டாவது கால்விரலுக்கு நேர நிக்குது. உள்ளுக்குச் சாய்ஞ்சால் இடுப்புப் பக்கத் தசை காணாது. அதுக்குச் சரிஞ்சு படுத்து, மேல் காலை நீட்டினபடி கொஞ்சம் பின்னுக்கு வைச்சு உயர்த்துங்கோ, 12 தரம்.

ரெண்டு கிழமை கழிய, 4 இஞ்சிச் சீமேந்துக் கல்லை ஆடாமல் படுக்க வைச்சு, அதில ஒரு காலில நிண்டு மற்றக் குதியை நிலத்தில தொட்டுத் தொட்டு எழும்புங்கோ, 8 தரம். பிறகு முதுகுப் பையில அரிசி 2 கிலோ, 5 கிலோ எண்டு கூட்டலாம். 12 கிழமை குடுங்கோ. ஆறாம் கிழமையில நோ குறையேக்க விடுறதுதான் வழமையான பிழை.

தசைநாண் நோ எண்டால் முதல் சுவரில முதுகைச் சாய்ச்சு அரைக் குந்தல், 45 செக்கன் அசையாமல், 5 தரம், இடையில 2 நிமிசம் ஓய்வு.

சைக்கிள் ஓடுறாக்கள் சீற்றைப் பாருங்கோ. எங்கட பக்கம் எல்லாரும் கால் ஊண்டுறதுக்காகப் பதிச்சுத்தான் வைச்சிருக்கினம். பெடல் அடியில இருக்கேக்க குதியை அதில வைச்சால் முழங்கால் நேரா வரவேணும். றோட்டுக் கரையில ஓடுறாக்களுக்கும் ஒண்டு: தார் றோட்டு கரைக்குச் சரிவு, எப்பவும் ஒரு கால் பள்ளத்தில. குளக்கட்டு மேல மட்டம், நல்லம். கட்டால இறங்கேக்க மட்டும் நடவுங்கோ.

குளிசை விசயம். பனடோல் 500 மில்லிகிராம் ரெண்டு, 6 மணித்தியால இடைவெளி, நாளுக்கு 8க்கு மேல இல்லை; ஈரல் வருத்தம் இருந்தால் முதல் டொக்டரைக் கேளுங்கோ. டைக்ளோபெனாக், ஐபுபுரூபன் பாமசியில கேட்டு வாங்கிப் போடாதேங்கோ. வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக வருத்தம் இருக்கிற இடம். வெயிலில வேர்த்து, தண்ணி குடிக்காமல் அந்தக் குளிசையும் போட்டால் சிறுநீரகத்துக்குத்தான் அடி. பூசுற ஜெல் அதைவிடப் பாதுகாப்பு.

கல்லில இறங்கி ஏறேக்க நோ 2க்குள்ள வந்திட்டால் ஓடலாம். 1 நிமிசம் ஓட்டம், 2 நிமிசம் நடை, 8 தரம். அடியைக் குறுக்கி, கொஞ்சம் கெதியா வையுங்கோ, முழங்காலில விழுற பாரம் குறையும். அடுத்தடுத்த நாளில ஓடவேண்டாம். வொலிபோல் கடைசியா, அதுவும் ரெண்டு காலிலயும் விழப் பழகினாப் பிறகு.