கல்லணையும் மணலும்

நேயர்களுக்கு வணக்கம். கல்லணை தண்ணீரைத் தேக்கி வைக்கும் அணை அல்ல. அந்த வேலைக்கு 93 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) கொள்ளும் மேட்டூர் இருக்கிறது. ஸ்ரீரங்கம் தீவின் கீழ்முனையில் காவிரி நீர், இரண்டு ஆறுகளையும் இணைக்கும் உள்ளாறு வழியே கொள்ளிடத்தில் விழாமல் மறிப்பதுதான் கல்லணை. கொள்ளிடம் தாழ்ந்த ஆறு, கடலுக்கு நேராக ஓடுவது. விட்டால் தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

கரிகாலன் கட்டியது என்பது வழிவழியாக வரும் செய்தி. நீளம் சுமார் 1,080 அடி. போக்கு நேராக இல்லாமல் வளைந்திருக்கும். அடியில் பாறை கிடையாது, மணல்தான். பெருங்கல்லைப் போட்டால் நீர் அடிமணலை அரிக்கும், கல் இறங்கும். அதன்மேல் இன்னொரு கல், இடையில் களிமண். இறங்குவது நிற்கும்வரை போட வேண்டியதுதான்! மணலில் கடைக்கால் போடும் இந்த வித்தையைப் பிற்காலத்தில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இங்கேதான் கற்றுக்கொண்டார்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் படுகை மணல்மேடிட்டு, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பிலேயே தண்ணீர் கொள்ளிடத்துக்குத் திரும்பியது. காட்டன் கல்லணையில் மணல்போக்கி மதகுகள் வைத்தார். 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. அது தேவைக்கு மேலேயே வேலை செய்தது. காவிரிக்குள் வெள்ளம் மிஞ்சி, பின்னர் காவிரித் தலைப்பிலும் தடுப்புக் கட்ட நேர்ந்தது. 1934இல் மேட்டூரோடு வந்த கல்லணைக் கால்வாயை ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் இன்றும் புது ஆறு என்பார்கள்.

இன்றைக்கும் சிக்கல் மணலில்தான். ஆற்றில் மணலை அள்ளினால் படுகை இறங்கும், வாய்க்கால் தலைமதகின் அடிமட்டம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆற்றில் தண்ணீர் ஓடும், மதகுக்குள் ஏறாது. வாய்க்காலிலோ நேர்மாறு: தண்ணீர் நுழைந்து வேகம் குறையும் தலைப்பில்தான் வண்டல் முதலில் படியும். அங்கே மட்டும் சுரண்டினால் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், கடைமடைக்கு நகராது. தலைமதகு மட்டத்திலிருந்து கடைசி மடைவரை வாட்டம் பார்த்து வெட்ட வேண்டும். எடுத்த மண்ணைக் கரையின் உட்சரிவில் கொட்டினால் முதல் மழையிலேயே திரும்பி வந்துவிடும். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். மே கடைசியில் தூர்வார இறங்கினால் முடியாது. தண்ணீர் ஏறிய பிறகு வெட்டிய ஆழத்தை யார் அளப்பது? அதனால் அளவெடுக்கும் வேலையை ஏப்ரலிலேயே முடித்து, கடைமடையில் தொடங்கித் தலைப்பை நோக்கி வெட்டி வர வேண்டும்.